பீரோவில் வைத்த காது

1981 நவம்பர் 16, திங்கள்

எழுந்ததும் முதல் வேலையாக பீரோவைத் திறந்து மகள் லில்லியின் காதுக் கருவியை எடுத்துத் துடைத்தேன். நெஞ்சில் மாட்டும் சின்னப் பெட்டி, காதுக்கு ஒரு ஒயர். நேற்று முழுக்க மழை. உப்பளத்துக் காற்றில் எல்லாம் துருப்பிடிக்கிறது. இதில் இன்னும் இல்லை. திரும்பப் புடவைக்கு அடியில். இவர் குளித்துவிட்டு வருவதற்குள்.

மே மாத சுகமளிக்கும் கூட்டத்திலிருந்து அது அங்கேதான். வெளியூர்ப் பிரசங்கியார் லில்லியை மேடையில் நிறுத்தி, கருவியைக் கழற்றச் சொல்லி, பின்னால் நின்று கை தட்டினார். திரும்பினாள். சபை முழுக்க அல்லேலூயா. பலகை மேடை. தட்டும்போது காலால் பலகையையும் உதைத்தார், நான் முன்வரிசையில் இருந்தேன். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "பலகைய உதைச்சாருங்க. அந்த அதிர்வுலதான் திரும்புனா."

"ஒனக்கு எதுலதான் விசுவாசம்?"

அடுத்த ஞாயிறு இவர் எழுந்து சாட்சி சொல்லிவிட்டார், என் மகள் கேட்கிறாள் என்று. சாட்சிக்குப் பிறகு கருவியை மாட்டினால், பெற்ற சுகத்தைத் திருப்பிக் கொடுத்தது போலாம். பாஸ்டரும் அதையே சொல்கிறார்.

குடைக்குக் கம்பி மாற்ற வேண்டும். உளுந்து.

18, புதன்

மழை விட்டுப் புழுக்கம். ஏழாம் வகுப்பு விடைத்தாள் ஒரு கட்டு, பாதி திருத்தினேன்.

குழாயடியில் பக்கத்து வீட்டு பிலோமினா. மாதா கோயில்காரி, எங்கள் சபை என்றாலே வாய் நீளும்.

"என்னா டீச்சரம்மா, பொண்ணுக்கு ஒங்க சபையில கேக்குதாம், எங்க தெருவுல மட்டும் கேக்கலியே? நேத்து பின்னாடியே ரிக்‌ஷாக்காரன் மணி அடிக்கிறான், கத்துறான். அது பாட்டுக்கு நடுரோட்டுல போவுது."

சிரித்தாள். பிறகு சிரிப்பில்லை.

"புடிச்சி இழுத்தேன். கையில என் நகம் பட்டிருக்கும், பாரு."

பட்டிருந்தது. மருந்து போட்டேன்.

லில்லிக்குப் பத்து வயது. கருவி இருந்தவரை கொஞ்சம் கேட்டது. கேட்டதை வைத்துப் பேசினாள். மடியில் உட்காரவைத்து, என் தொண்டையில் அவள் கையை வைத்துச் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள். இப்போது ஒவ்வொன்றாகப் போகின்றன. சோறு, 'ஓவு' ஆகிவிட்டது. பஸ், வெறும் 'ப'. ரோஜாவைச் சொல்வதையே விட்டுவிட்டாள். அம்மா மட்டும் அப்படியே இருக்கிறது. அதற்கு உதடு போதும்.

20, வெள்ளி

உபவாச ஜெபம். அரியாங்குப்பத்தில், பாஸ்டர் வீட்டில். பஸ்ஸில் ஈரக் கூட்டம், செருப்பு அறுந்தது.

லில்லியின் வாக்குத்தத்த அட்டையைப் பற்றியே பேச்சு. புதுவருஷ ராத்திரி வசன அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள், ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். இந்த வருஷம் அவளுக்காக இவர் எடுத்ததில், கேளாத காது திறக்கும் என்ற வசனம். சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். போன வருஷம் அவளுக்கு வந்தது, காத்திரு. அதற்கு முன், பயப்படாதே. அதற்கும் முன், மறுபடி காத்திரு. பி.ஏ. வரைக்கும் எதிலும் தோற்றதில்லை. இந்த ஒரு பாடத்தில் மட்டும் வருஷா வருஷம் பெஞ்சு மேல் நிற்கிறேன்.

ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு நான் எடுப்பதும் இதுதான். தேவன் சொன்னதைச் செய்வார். நம்பாமல் எடுத்தால் கூடப் பரவாயில்லை. நம்பித்தான் எடுக்கிறேன்.

பாஸ்டர்: "கிறிஸ்மஸ் ஆராதனையில பாப்பா வசனம் சொல்லணும்மா. நான் பின்னாடி நின்னு சொல்றேன், அது கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும். எத்தன பேரு விசுவாசத்துக்கு வருவாங்க!"

இவர் தலையாட்டினார். நாளைக்கு ஒத்திகை.

21, சனி

ஒத்திகை. சபையில் நாங்கள் மூவரும் பாஸ்டரும் மட்டும். அவர் லில்லிக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள். குழறல்தான், ஆனால் அதே சொல். ஒரு நிமிஷம் நம்பினேன். ஆண்டவரே, என் அவநம்பிக்கையை மன்னியும் என்று சொல்லியே விட்டேன்.

பிறகுதான் அவள் பார்வை போன பக்கம் பார்த்தேன். கடைசி பெஞ்சில் இவர். சத்தமில்லாமல், வாயை அகல அகலத் திறந்து, பாஸ்டர் சொல்வதை அப்படியே அவளுக்கு உதட்டால் காட்டிக்கொண்டு.

பாஸ்டர் பார்க்கவில்லை. அவர் கண்ணை மூடியிருந்தார்.

ஆக இவருக்குத் தெரியும். மே மாதத்திலிருந்தே தெரிந்திருக்கும்.

திரும்பும் வழியில், "கர்த்தர் நடத்துனாரு, பாத்தியா?"

"பாத்தேங்க. யாரு வாய வச்சு நடத்துனாருன்னும் பாத்தேன்."

மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்கினார். பேரம் பேசவில்லை.

22, ஞாயிறு

லில்லிக்கு ஆராதனைக்குக் கவுன் மாற்றும்போது கண்டேன். பெட்டிகோட்டுக்குள், நெஞ்சில், கருவிக்காக நான் தைத்த துணி உறை. நாடாவை முதுகில் தானே முடிந்திருக்கிறாள். வெறும் உறை. வேர்வையில் அழுக்கேறியிருந்தது. தினமும் கருவியைத் துடைத்தேனே, உறை எங்கே என்று தேடவில்லை நான்.

எத்தனை நாளாக என்று சைகையில் கேட்டேன். உதட்டில் விரல் வைத்து, கூடத்துப் பக்கம் காட்டினாள். அப்பாவிடம் சொல்லாதே.

சபையில் பாட்டுக்கு வாய் திறக்கவில்லை. தலைவலி என்றேன்.

23, திங்கள்

மறுபடி மழை. கூடத்தைப் பெருக்கும்போது அந்த அட்டையைக் கழற்றி நானே வாசித்தேன். இத்தனை மாதம் மற்றவர்கள் வாசித்துச் சொன்னதைத்தான் கேட்டிருக்கிறேன். காது திறக்கும் என்று இருக்கிறது. ஒயர் இல்லாமல் என்று இல்லை. வாக்குக் கொடுத்தவர்மேல் எனக்கு வழக்கில்லை. வழக்கெல்லாம் அவருக்காகப் பேசுகிறவர்களோடு.

திரும்ப மாட்டிவிட்டேன். சட்டம் கோணல்.

பள்ளி விட்டு வரும்போது பாட்டரி வாங்கினேன். உறையைத் துவைத்து அடுப்படிக் கொடியில் காயப்போட்டிருக்கிறேன். கைக்குட்டை என்று நினைத்திருப்பார்.

நாளைக் காலை லில்லிக்குக் கருவியை மாட்டிவிடுவேன். இவர் குளிக்கும்போது அல்ல. எதிரில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது. கவுனுக்கு மேலே, ஒயர் தெரிய. ஞாயிற்றுக்கிழமையும் அப்படியேதான், முன்வரிசையில்.