மூன்றாம் தூணருகே இருந்த கறுப்பு

அப்பா,

தகர டப்பாவைத் திறந்ததும் காடி நாற்றம் மூக்கில் ஏறியது. பழைய நெகடிவ் கெட்டுப்போனால் அப்படித்தான் நாறும் என்றான் தம்பி. எனக்கு அது உங்கள் சட்டையின் நாற்றம். டார்க் ரூமிலிருந்து நீங்கள் வெளியே வருமுன் அந்தப் புளிப்பு வந்துவிடும். வந்ததும் நானும் தம்பியும் கட்டிலுக்கு அடியில் போய்விடுவோம். இப்போது ஒயிட்ஃபீல்டில், தம்பியும் அம்மாவும் இருக்கிற பதினோராவது மாடி வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். நாற்பத்தாறு வயது. ஆனாலும் கால் ஒளிய இடம் தேடியது.

நீங்கள் போய்ப் பத்து மாதம். முதல் திதிக்குள் உங்கள் சர்ச் படங்களைப் புத்தகமாகப் போடவேண்டும், கூடவே நம் குடும்பக் கதையும் வரவேண்டும் என்று தம்பிக்கு ஆசை. எழுதுகிற வேலை என் தலையில். முதல் வரியை அவனே கொடுத்துவிட்டான்: 'அப்பா கொஞ்சம் கோபக்காரர், ஆனால் பாசமானவர்.' அந்தக் 'கொஞ்ச'த்தை அப்போதே பேனாவால் சுழித்து வைத்தேன்.

நாம் சர்ச்சுக்குப் போகிற குடும்பமே இல்லை. ஜீவனஹள்ளியில் ஒற்றை அறை ஸ்டுடியோ, அதன் பின்னால் வீடு. கல்யாணப் படம், பாஸ்போர்ட் படம் எடுத்து எங்களுக்குச் சோறு போட்டீர்கள். சனிக்கிழமை வந்தால் கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய சர்ச்சுகளில் ஏதாவது ஒன்றுக்குக் கிளம்பிவிடுவீர்கள். கண்ணாடி ஜன்னல் வெளிச்சம் பீடத்துக்கு இறங்கி வர மூன்று மணி நேரம்கூடக் காத்திருப்பீர்கள். பெஞ்சு மரத்தை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பீர்கள். அந்தக் கையை வீட்டில் நான் பார்த்ததே இல்லை.

உள்ளே இருட்டு. அதனால் கேமரா ஷட்டரை அறுபது விநாடி திறந்து வைத்து, வாய்விட்டு எண்ணுவீர்கள். அம்மா கறுப்புப் புடவையில், கையில் ஃப்ளாஷுடன், தூண் தூணாக ஓடி ஒவ்வொன்றின் மறைவிலும் ஒருமுறை அடிப்பாள். நானும் தம்பியும் கடைசி பெஞ்சில் வாயைப் பொத்திக்கொண்டு இருப்போம். "நகர்ந்துகினே இரு. நின்னியானா படத்துல வுழுந்துடுவே" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வீர்கள். அவள் ஓடிக்கொண்டே இருப்பாள். கழுவிப் பார்த்தால் ஆளில்லாத சர்ச்சு, தூணெல்லாம் வெளிச்சம். இவ்வளவு வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று ஃபாதர்கள் அதிசயப்படுவார்கள்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு சனிக்கிழமை. ஃப்ளாஷ் பேட்டரியை அம்மா சார்ஜில் போட மறந்துவிட்டாள். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கையை மூடி, அவள் முகத்தில் குத்தினீர்கள். சர்ச்சுக்குப் போய்ச் சேருமுன் இடது கண் வீங்கி மூடிவிட்டது. என்ன ஆச்சும்மா என்று ஃபாதர் கேட்டார். "தண்ணி புடிக்கறப்போ கொழாய்ல இடிச்சிக்கினேன் ஃபாதர்" என்றாள். நீங்கள் பக்கத்தில் நின்று கேமரா ஸ்டாண்டின் காலை நீட்டிக்கொண்டிருந்தீர்கள். புது செல் வாங்கிப் போட்டு வேலை நடந்தது.

அன்று சாயங்காலம் டார்க் ரூம் கதவை உதைத்துக்கொண்டு வெளியே வந்தீர்கள். ஈரக் கையோடு அம்மாவின் தலைமுடியைப் பிடித்து ஸ்டுடியோவுக்கு இழுத்துப்போனீர்கள். கேமரா ஸ்டாண்டை மடக்கி எடுத்து முதுகில் அடித்தீர்கள். அவள் கையை உயர்த்தித் தடுத்தபோது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. குறுக்கே வந்த எனக்குத் தோளில் ஒன்று. பாஸ்போர்ட் படத்துக்காக உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து, செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஸ்டாண்டின் கால் வளையும்வரை அடித்தீர்கள். அம்மா கத்தவில்லை. அந்த மணிக்கட்டு இன்றும் சரியாகத் திரும்புவதில்லை.

"நீ இன்னாம்மா செஞ்சே?" என்று அவளிடம் கேட்டேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நீங்கள் ஏன் அடித்தீர்கள் என்று உங்களைக் கேட்கத் தோன்றவில்லை. அவள் என்ன தப்பு செய்தாள் என்றுதான் முப்பது வருடத்துக்கு மேல் யோசித்தேன். உங்கள்மேல் வந்ததைவிட அவள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம் வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

அன்று எடுத்த படம்தான் பெரிதாக்கி, சட்டம் போட்டு, நம் வீட்டு முன்னறையில் மாட்டியிருந்தது. பீடம் அப்படியே எழுந்து நிற்கும். மூன்றாம் தூணருகே மட்டும் அடர்த்தியாகக் கொஞ்சம் கறுப்பு. அதை நாங்கள் நிழல் என்றே நினைத்திருந்தோம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி அந்த நெகடிவை ஸ்கேன் செய்து பெரிய திரையில் போட்டான். நிழல் இல்லை. அந்த இடத்தில் அம்மா இருந்தாள். ஃப்ளாஷ் வெளிச்சம் மிக அருகிலிருந்து விழுந்ததால் கலைந்த முடிகூட எண்ணலாம்போலத் தெரிந்தது. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றொன்று கேமராவை நேராகப் பார்த்தது. பிரிண்ட் காகிதம் வெளிச்சம் பட்டால் கறுக்கும்; அந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாக வெளிச்சம் காட்டி அவளைக் கறுப்பாக்கியிருக்கிறீர்கள். நெகடிவைக் கிழிக்க உங்களுக்கு மனம் வரவில்லை. பீடம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

தம்பி திரையிலிருந்து பார்வையை எடுத்தான். "ஃப்ளாஷ் கை தவறி அடிச்சிருக்கும்க்கா. ரெண்டு நிமிஷ வேல, அழிச்சிடறேன்."

"அழிக்காத."

"பசங்க பாப்பாங்க. இத்த எப்டி புக்ல போடறது? அவரே போயிட்டாரு, வுட்டுடுக்கா."

அவன் கை மவுஸுக்குப் போனது. அடுத்து நடந்ததை உங்களிடம்தான் சொல்லவேண்டும். தகர டப்பாவைத் தூக்கி அவன் கைமேல் ஓங்கிவிட்டேன். அவன் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டான், கட்டிலுக்கு அடியில் மூடிக்கொண்டதைப் போலவே. அவன் விரலை உடைக்கவேண்டும் என்று எனக்கு உண்மையாகவே இருந்தது.

"கைய எறக்குடி."

அம்மா பின்னால் நின்றிருந்தாள். சோபாவில் உட்கார்ந்து அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டிருந்தவள், சத்தம் கேட்டு எழுந்து வந்திருக்கிறாள். திரைக்கு அருகே வந்து பார்த்தாள்.

"கை தவறல. நான்தான் எம் பக்கம் திருப்பிக்கினேன்" என்றாள். "அவரு எண்ணுவாரு இல்ல, முப்பது வந்ததும் நின்னுட்டேன். எத்தினி சர்ச்சு, எத்தினி படம். ஒண்ணுலயும் நான் இல்ல. அன்னிக்கி அந்த மூஞ்சி அவரு படத்துல இருக்கட்டும்னு தோணிச்சி."

"கழுவினதும் அடிப்பாருன்னு தெரியாதாம்மா?"

"தெரியாம இன்னா? தெரிஞ்சிதான் நின்னேன்."

பிறகு தம்பியின் தோளைத் தொட்டு, "இன்னும் கொஞ்சம் பெருசு பண்ணு, பாக்கலாம்" என்றாள். அவன் பெரிதாக்கினான். அழுதுகொண்டே பெரிதாக்கினான்.

உங்களை நான் மன்னிக்கவில்லை அப்பா, இனிமேலும் மாட்டேன். உங்கள் கை என் தோளிலிருந்துதான் தொங்குகிறது என்பது அந்த ஞாயிற்றுக்கிழமை தெரிந்துபோயிற்று. என் மகளை இரண்டு தடவை அடித்திருக்கிறேன். அன்று ராத்திரி அவளுக்குப் போன் செய்து அதைச் சொன்னேன். ஞாபகம் இருக்கிறது என்றாள். அந்தக் கையோடுதான் இனிமேலும் இருக்கவேண்டும், அது ஓங்கும்போதெல்லாம் நானேதான் இறக்கவேண்டும்.

புத்தகம் அச்சுக்குப் போய்விட்டது. தம்பியின் முதல் வரியை எடுத்துவிட்டு நடந்ததை எழுதியிருக்கிறேன். அவன் தடுக்கவில்லை. எல்லாப் படங்களுக்கும் கீழே எடுத்தவர் என்று உங்கள் பெயர் இருக்கிறது. அந்த ஒரு படத்துக்குக் கீழே மட்டும் அம்மாவின் பெயரைப் போட்டிருக்கிறோம்.