தோற்காத பதினான்கு ஆட்டங்கள்

ஜூன் 18, செவ்வாய்

நான்காவது ஆட்டமும் ஜெயித்தாயிற்று. 2–0. இந்தப் பருவத்தில் என் வலைக்குள் இன்னும் ஒரு பந்துகூட விழவில்லை. எல்லாரும் என்னைத் தட்டிக் கொடுக்கிறார்கள். இதில் பாதிப் பெருமை ஆணிக்குச் சேர வேண்டியது. எனக்கு முன்னால் ஸ்டாப்பராக நின்று, உயரத்தில் வருகிற பந்தையெல்லாம் நெற்றியால் முட்டித் தள்ளுகிறவன் அவன். ஓர் இடத்தில் நின்றால் யாராலும் பிடுங்க முடியாது, அதனால் ஆணி. கோல்கீப்பரான எனக்குப் பூட்டு என்று பெயர். ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவருக்கும் ஒரே பெஞ்சு.

கோச்சுக்கு ஒரு பிடிவாதம். ஜெயிக்கிற டீமில் கை வைக்கக் கூடாது என்பார். முதல் ஆட்டத்தில் இறங்கிய அதே பதினொரு பேர்தான் இன்றும் இறங்கினோம். மாற்று ஆட்களுக்குத் தண்ணீர் பாட்டிலைக் காவல் காக்கிற வேலை.

திரும்பும்போது பஸ்ஸில் ஒரே கும்மாளம். நர்ஸக்காவின் ஐந்து வார்த்தைகளை மெட்டுப் போட்டுப் பாடினோம். யாருக்காவது தலையில் அடிபட்டால் பள்ளி நர்ஸக்கா ஓர் அட்டையைப் பார்த்து ஐந்து வார்த்தை சொல்வார்: நாற்காலி, எலுமிச்சை, கயிறு, சன்னல், செருப்பு. ஐந்து நிமிடம் ஊர்க்கதை பேசிவிட்டு, திருப்பிச் சொல்லச் சொல்வார். ஒன்று தவறினாலும் மூன்று வாரம் ஆடக் கூடாது. அது விளையாட்டுச் சங்கத்தின் விதி. ஆனால் அக்கா அட்டையை மாற்றுவதே இல்லை. எங்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம்.

ஜூன் 29

ஆறு. எத்தனை ஜெயம் என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாதாம், கண் பட்டுவிடுமாம். சொன்னவன் பதினொரு ஜோடி பூட்ஸையும் துடைக்க வேண்டும். இங்கே எழுதினால் கணக்கில்லை என்று நினைக்கிறேன்.

ஜூலை 6

ஆணியின் அம்மா என் சட்டையில் கிழிந்த தோளைத் தைத்துக் கொடுத்தார். சீருடை தைக்கிற கடையில் நாளெல்லாம் மிஷினில் உட்கார்ந்துவிட்டு வந்து, எங்களுடையதையும் தைக்கிறார். “நீ என் பிள்ளைய பாத்துக்கோ. உன் வலைய அவன் பாத்துப்பான்” என்றார். “அப்ப எனக்குத்தான் சுலபமான வேலை” என்றேன். “ஆமா, வாய்தான் உனக்கு முதல்” என்று நூலைப் பல்லால் கடித்தார்.

ஜூலை 20, சனி

பத்தாவது ஆட்டம். 1–0.

எழுதித்தான் ஆக வேண்டும். வேறு யாரிடம் சொல்ல?

கடைசி நேரத்தில் ஒரு கார்னர். பந்து என்னுடையது. வெளியே வரும்போது கீப்பர் குரல் கொடுக்க வேண்டும், அதுதான் முதல் பாடம். நான் தாமதமாகக் கத்தினேன். ஆணி அதற்குள் எகிறிவிட்டான். என் முழங்கால் அவன் காதுக்குப் பின்னால் போய் இடித்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. கண் திறந்துதான் கிடந்தான், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து எதிரணி கோல் பக்கமாக நடந்தான். பெஞ்சில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உடை மாற்றும் அறையில் அவனும் நானும் மட்டும். “எத்தன கோல்டா?” என்று கேட்டான். சொன்னேன். ஷூ கயிற்றை அவிழ்த்துவிட்டு மறுபடி, “எத்தன கோல்டா?” மூன்று தடவை கேட்டான். வெளியே நர்ஸக்கா வருகிற சத்தம். நான் என்ன செய்திருக்க வேண்டும்? அவன் காதில் ஐந்து வார்த்தையையும் ஓதினேன்.

அவனுக்கு நினைவில் நிற்கவில்லை. அக்கா கேட்டபோது திருதிருவென்று விழித்தான். நான் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று நாற்காலியைத் தொட்டேன். சன்னலைக் காட்டினேன். என் செருப்பைத் தூக்கிக் காட்டினேன். கம்பியில் கட்டியிருந்த கொடிக்கயிற்றை இழுத்தேன். எலுமிச்சைக்கு அறையில் ஒன்றும் இல்லை, அதனால் புளித்துப் போனவன் மாதிரி முகத்தைச் சுளித்தேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எலுமிச்சை” என்றான்.

“சரியா இருக்கு. தலை வலிச்சா மறைக்காம சொல்லணும், என்ன?” என்று அக்கா படிவத்தில் கையெழுத்துப் போட்டார்.

பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் வாந்தி எடுத்தான். வெயில் என்றான்.

ஜூலை 23

வகுப்பில் தொப்பியை இறக்கி விட்டுக்கொண்டு உட்காருகிறான். வெளிச்சம் குத்துகிறதாம். “பேனா” என்று சொல்ல வராமல் “அது… அது குடு” என்கிறான்.

“நர்ஸக்காகிட்ட போலாம்டா” என்றேன்.

“போனா மூணு வாரம். நான் இல்லாம எவனையாவது இறக்கி, தோத்துட்டா? நாலே ஆட்டம்டா. வாய மூடிட்டு இரு.”

மூடிக்கொண்டேன். அதில் எனக்கு நிகர் யார்.

ஜூலை 27

பதினொன்று. ஒவ்வொரு தடவை பந்தை முட்டியதும் அவன் தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணை இறுக மூடித் திறக்கிறான். பின்னாலிருந்து எனக்கு அது தெரியாது என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தேன். தெரிகிறது.

ஆகஸ்ட் 3

சொல்லிவிடுவது என்று காலையில் தீர்மானித்துவிட்டுப் போனேன். கோச்சின் அறை வாசலில் நின்றேன். “என்னடா?” என்றார்.

“கையுறை கிழிஞ்சிருச்சு சார்.”

அலமாரியைத் திறந்து புது ஜோடி கொடுத்தார். போட்டுப் பார்த்தேன், கச்சிதமாக இருந்தது. வாயைத் திறந்தால் முத்தா உதிர்ந்துவிடும் எனக்கு? சாயங்காலம் 3–1. பன்னிரண்டு.

ஆகஸ்ட் 10

செமிஃபைனல். பெனால்டியில் ஜெயித்தோம். கடைசி உதையை நான் தடுத்தேன். தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மேலே இருந்து பார்த்தேன், ஆணி நடுக்கோட்டில் தனியாக நின்றுகொண்டிருந்தான். எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 17

1–0. கோப்பை எங்களுக்கு. ஆணி ஆஸ்பத்திரியில்.

ஆகஸ்ட் 18

கடைசி விசில் வரைக்கும் நின்றான். அது அவன் தலையெழுத்து, நிற்பது. கடைசி பத்து நிமிடத்தில் ஏழு பந்து முட்டினான், எண்ணிக்கொண்டிருந்தேன். கோப்பையைத் தூக்குகிற நேரம் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அருகே போனேன். “ஆட்டம் எப்ப ஆரம்பம்?” என்று கேட்டான். அப்படியே என் மடியில் சாய்ந்தான். மற்றவர்கள் அழுகிறான் என்று நினைத்துப் படம் எடுத்தார்கள்.

ஆகஸ்ட் 21

மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்ததாம். திறந்து எடுத்திருக்கிறார்கள். டாக்டர் ஆணியின் அம்மாவிடம், “கொஞ்சம் பழைய ரத்தமும் இருக்கு, சில வாரம் முந்தினது” என்றாராம். அவன் அம்மாதான் அதை என்னிடம் சொன்னார். நான் ஆஸ்பத்திரித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்று வாரம். ஜூலை 20லிருந்து மூன்று வாரம் என்றால் ஆகஸ்ட் 10. சொல்லியிருந்தால் ஃபைனலுக்கு வந்திருப்பான். விரல் விட்டு எண்ணக்கூட எனக்குத் துப்பில்லை அன்றைக்கு.

ஆகஸ்ட் 30

வலது கையும் வலது காலும் அசையவில்லை. பேச்சு வருகிறது, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே ஒரு பஸ் போய்விடும். எல்லாரையும் அடையாளம் தெரிகிறது. கோச் கோப்பையைக் கொண்டுவந்து அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். “கப்பு இவன் வீட்டுலயே இருக்கட்டும்மா” என்றாராம். அவன் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

செப்டம்பர் 4

நர்ஸக்காவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள். அடிபட்டவனை ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டது அவர்தானே. விசாரணை நடக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கோச் எங்களைக் கூப்பிட்டு, “யாரும் எதுவும் பேச வேணாம். சோதனைல ஏமாத்தினது தெரிஞ்சா அதுக்கப்புறம் ஆடின ஆட்டமெல்லாம் தோல்வின்னு எழுதிருவாங்க. அவன் உயிரக் குடுத்து ஆடின சீசன்” என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும்? அன்றைக்கு வாசலில் நின்றபோதே தெரிந்திருக்குமோ?

செப்டம்பர் 5

அக்காவிடம் சொன்னேன். என் சொந்த அக்காவிடம். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். “மொதல்ல அவங்கம்மாகிட்ட போ. எங்கிட்ட அழுது என்ன பிரயோசனம்” என்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

செப்டம்பர் 8, ஞாயிறு

போனேன். ஆணியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். சமையலறையில் அவன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்: முழங்கால், செருப்பு, எலுமிச்சை, கையுறை. ஒன்று விடவில்லை.

அவர் அடுப்பை அணைத்தார்.

“இத எதுக்கு இப்ப எங்கிட்ட சொல்ற?”

“நர்ஸக்காவுக்கு வேலை போயிரும்மா. நடந்தத சங்கத்துக்கு எழுதிக் குடுக்கணும்.”

“அந்தப் பொண்ணு வேற வேலை தேடிக்கும். எம்பிள்ளைக்கு வேற தலைய நான் எங்க போய் தேடுறது?” குரல் உயரவே இல்லை. “அவனுக்கு மிஞ்சினது அந்தக் கப்பு ஒண்ணுதான். ஒரு ஆட்டம்கூட தோக்கலம்மா, தோக்கலம்மான்னு தெனம் சொல்றான். அதையும் புடுங்கப் போறியா நீ?”

நான் எழுந்தேன். வாசல் வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து சொன்னார்: “தலகாணி உறைல வாந்தி. நாலு நாள் தொடர்ந்து நாந்தான் தொவைச்சேன். சாப்பாடு ஒத்துக்கலன்னு சொன்னான். நம்புனேன். நம்பணும்னு இருந்துச்சு எனக்கு.”

திரும்பிப் போய், சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக மூடினேன்.

செப்டம்பர் 9

எழுதுகிறேன், கிழிக்கிறேன். நர்ஸக்காவுக்காகச் சொன்னால் ஆணிக்கு ஒன்றும் மிஞ்சாது. சொல்லாவிட்டால் நர்ஸக்காவுக்கு மிஞ்சாது. எனக்கு மட்டும் இரண்டிலும் கையும் காலும் பத்திரம்.

செப்டம்பர் 14

என்னால் முடிவெடுக்க முடியாது. அவனிடமே கேட்டேன். அவன் அம்மாவும் கதவருகே நின்றுகொண்டிருந்தார், தடுக்கவில்லை.

அன்று உடை மாற்றும் அறையில் நடந்தது அவனுக்கு நினைவே இல்லை. நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். எலுமிச்சை வந்ததும் முகத்தின் ஒரு பக்கம் சிரித்தது. அப்புறம் நர்ஸக்காவைப் பற்றிச் சொன்னேன். சொன்னால் என்ன ஆகும் என்பதையும் சொன்னேன், மறைக்கவில்லை.

“அக்கா… பாவம்” என்றான். கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். “எழுது” என்றான்.

எழுதினேன். கீழே என் கையெழுத்தைப் போட்டேன். அவன் இடது கையை நீட்டினான். “நீ போட வேணாம்டா. நான் போட்டா போதும்” என்றேன். நீட்டிய கையை எடுக்கவில்லை. பேனாவை விரலுக்குள் செருகினோம். முதல் எழுத்துக்குப் பிறகு கோடு தாளைத் தாண்டி போர்வைக்குப் போய்விட்டது. அவன் அம்மா புதுத் தாள் கொண்டுவந்தார்.

செப்டம்பர் 17

கொடுத்துவிட்டேன். என் லாக்கரில் எச்சில் சாப்பாட்டைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்பது பேரும் பேசுவதில்லை. கோச் மட்டும், “உனக்கு ஏன்டா இந்த வேலை” என்றார். கோபம் இல்லை, களைப்பாகச் சொன்னார்.

அக்டோபர் 6, ஞாயிறு

சங்கத்தின் முடிவு வந்துவிட்டது. நர்ஸக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம், வேலை தப்பியது. எனக்கு இரண்டு ஆண்டு தடை. கடைசி நான்கு ஆட்டங்களும் தோல்வி என்று பதிவு.

ஆணிக்கு நானே சொல்ல வேண்டும் என்று போனேன். அவன் அம்மா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். கட்டிலில் உட்கார்ந்து சொன்னேன்.

“ஃபைனலுமா?” என்று கேட்டான்.

“ஃபைனலும்டா.”

என்னைப் பார்த்தான். அவ்வளவு நேரம் அவன் என்னைப் பார்த்ததில்லை. பிறகு இடது கையால் சுவரைக் காட்டினான். அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டுமாம். அவனால் தானாகத் திரும்ப முடியாது. அவன் அம்மா தோளைப் பிடித்தார், நான் இடுப்பைப் பிடித்தேன். முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பிவிட்டோம்.