அக்கா, உன் பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்

என் உசுரான அக்காவுக்கு,

நல்லா இருக்கியான்னு உன்கிட்ட எப்படிக் கேக்கறது? அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். உன் பொண்ணு தேவிகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். கோவப்படுவே. பட்டுக்கோ.

நம்ம ஊரு இப்ப ஊராவே இல்ல. பட்டாபிராம் பக்கத்துலேர்ந்து வீடுங்க வளந்துகினே வந்து ஏரிக்கரை வரைக்கும் முட்டிக்கினு நிக்குது. பொம்பளைங்க மட்டும் மாறல. வெள்ளப்பட்டாலும் சூடு, இடுப்பு வலிச்சாலும் உடம்புச் சூடுன்றாங்க.

போன மாசம் நர்ஸம்மா ஊருக்குள்ள வந்தாங்க. முப்பது வயசு தாண்டின பொம்பளைங்களுக்கு ஒரு டெஸ்ட். கர்ப்பப்பை வாயில கேன்சர் வரவைக்கிற வைரஸ் உடம்புல இருக்கான்னு பாக்கறதாம். யார் முன்னாடியும் துணியை அவுத்துப் படுக்க வேணாம். சின்ன பிரஷ் ஒண்ணு கொடுத்து, திரைக்கு அந்தாண்ட போய் நீங்களே சாம்பிள் எடுத்துக்கினு வாங்கன்றாங்க. உன் காலத்துல இப்படி இருந்திருந்தா நீ போயிருப்பியா அக்கா?

பாதிப் பேர் போகவே இல்ல. "எனக்குதான் ஆபரேஷன் ஆயிடுச்சே, உள்ள இன்னா கீது பாக்கறதுக்கு?" பிள்ளைங்க போதும்னு பண்ணிக்கிற ஆபரேஷனோட கர்ப்பப்பை கணக்கே தீந்துபோச்சுன்னு நினைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டப்ப நீ சொன்னதும் இதேதான், இதே வார்த்தைதான். கேக்கக் கேக்க எனக்கு எரிஞ்சுது.

கம்பெனிக்கு லீவு போட்டு, நான் இருக்கற கள்ளிக்குப்பத்துலேர்ந்து வந்து தேவியை நான்தான் இழுத்துக்கினு போனேன். அவளுக்கும் ரெண்டு பிள்ளை, ஆபரேஷன் ஆச்சு. முனகிக்கினே வந்தா. கொஞ்ச நாள் கழிச்சு போன் வந்துது. வைரஸ் இருக்கு. "இது கேன்சர் இல்லம்மா. டாக்டர் பாக்கணும். ஆரம்பமா எதாவது இருந்தா அந்த இடத்தை மட்டும் அங்கயே சுட்டு எடுத்துட்டு அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. பயப்படாதீங்க, ஆனா வராம மட்டும் இருந்துடாதீங்க"ன்னு நர்ஸம்மா படிச்சுப் படிச்சு சொன்னாங்க.

அவ மாமியார் காதுல விழுந்தது வைரஸ் மட்டும்தான். "எவன்கிட்டேர்ந்து வாங்கினு வந்த?"ன்னு தெருவே கேக்கற மாதிரி கத்தினா. புருஷன் பொண்டாட்டி சேர்றதுலயே வர்றதுதான், யார்கிட்டேர்ந்து எப்ப வந்துதுன்னு யாராலயும் சொல்ல முடியாது, வருஷக்கணக்கா உள்ளயே கிடக்கும்னு நான் தொண்டை வத்தச் சொன்னேன். உன் மாப்பிள்ளை என்ன பண்ணான் தெரியுமா? டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சான்.

ஞாயித்துக்கிழமை மறுபடியும் போனேன். தேவி அடுப்படியில நின்னா. நிமிந்துகூட பாக்கல.

"நான் போகல சித்தி. கொஞ்சம் வெள்ளப்படுது, அவ்ளோதான். வெந்தயம் ஊறவெச்சுக் குடிச்சுகினு கீறேன். அம்மாவும் அதானே குடிக்கும்?"

கடைசி நாள்ல நீ என் கையை எடுத்து உன் தலைமேல வெச்சு சத்தியம் வாங்கினே. "வயித்துல புண்ணுன்னு சொல்லிடு கோமதி. இது தெரிஞ்சா என் பொண்ணை எவன் கட்டுவான்?" நானும் அப்படித்தான் சொன்னேன். சாவுக்கு வந்தவங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். நீ ஆசைப்பட்ட மாதிரி மாப்பிள்ளையும் கிடைச்சான். டிவி பாக்கறான்.

அடுப்பை நான்தான் அணைச்சேன். "உங்கம்மாவுக்கு வயித்துப் புண்ணு இல்லடி. கர்ப்பப்பை வாயில கேன்சர். வெந்தயத் தண்ணி குடிச்சுக் குடிச்சே நாளைக் கடத்திட்டா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முத்திப்போச்சு."

அவ அழல. கரண்டியைக் கீழ வெச்சுட்டுக் கேட்டா: "அம்மா தனியா படுத்துச்சே, கிட்ட வராதன்னுச்சே... அந்த நாத்தம் இதானா சித்தி?"

ஆமான்னேன்.

"நான் மூக்கைப் பொத்திகினுதான் சோறு கொண்டு போய் வெச்சேன். குளிக்கவே மாட்டேங்குதுன்னு பக்கத்து வூட்ல சொல்லிச் சிரிச்சேன்."

உன் பொண்ணு கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு நீ வாயை மூடினே. உனக்கு முகம் துடைக்க வேண்டிய கை, மூக்கைப் பொத்திகினு நின்னுச்சு. பாவம்டி அக்கா, நீயும் அவளும்.

கடைசியில "வரேன்"ன்னு ஒரு வார்த்தை சொன்னா. வியாழக்கிழமை கூட்டினு போறேன். உள்ள என்ன இருக்கும்னு தெரியல. அவ மாமியார் வாசப்படியில குறுக்க படுத்தாலும் தாண்டிக் கூட்டினு போவேன். டாக்டர் நல்லது சொன்னாலும் கெட்டது சொன்னாலும், அதோட பேரை மறைக்காம அவகிட்ட சொல்வேன். இனிமே நம்ம குடும்பத்துல எந்தப் பொம்பளையும் வயித்துப் புண்ணுல சாக மாட்டா.

சத்தியத்தை மீறின உன் தங்கச்சி,
கோமதி