கொட்டிலில் இறுகிக் கிடந்த உங்கள் மோட்டார் சைக்கிள்

என்ரை அண்ணைக்கு,

கரவெட்டியில் இன்று நல்ல சோளகக் காற்று. வேலிப் பூவரசின் இலைகள் வெயிலில் புரண்டு புரண்டு மின்னுகின்றன. இந்தக் காற்றில் கண்ணை மூடினால், எந்த வருடத்தில் இருக்கிறேன் என்பதே மறந்துவிடுகிறது. நீங்கள் போய் ஏழு வருடம். ஒரு வரியும் எழுதவில்லை என்று கோபமோ? சொல்லும்படி ஒன்றும் இருக்கவில்லை அண்ணை. இப்போது இருக்கிறது.

உங்களை வன்னியிலேயே எரித்துவிட்டார்கள். குளம் அளக்கப் போன இடத்தில் காய்ச்சல் வந்து மூன்று நாளில் முடிந்துவிட்டது என்று, உங்களோடு வேலை செய்த இன்னொரு சேவையர் வந்து சொன்னார். ஒரு சிறு மண்முட்டியில் சாம்பலும், லொறியில் கயிறு போட்டுக் கட்டிய உங்கள் மோட்டார் சைக்கிளும் அவரோடு வந்தன. சாம்பலை ஐயா கீரிமலைக் கடலில் கரைத்தார். சைக்கிளைக் கொட்டிலில் சாத்திவிட்டோம். கடைசியாக உங்கள் முகத்தை எங்களில் ஒருவரும் காணவில்லை. உங்களைக் கட்டிய மச்சாள்கூடக் காணவில்லை.

நான் இப்போது அரசாங்க மருத்துவிச்சி. இங்கிருந்து கடற்கரைக் குடிசைகள் வரை என் பகுதி. போன மாரியில் கடற்கரைப் பக்கமிருந்து ஆள் வந்தது. மாட்டு வண்டிலில் வெள்ளத்தைக் கடந்து போய்ச் சேர்ந்தபோது பிள்ளை பிறந்து, அழாமலே போயிருந்தது. "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம், அம்மா" என்றாள் தாய். குறையாகச் சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்கும் குரலில்தான் சொன்னாள். வீட்டுக்கு வந்து நேரே கொட்டிலுக்குப் போய் உங்கள் சைக்கிளின் முன் நின்றேன். ஏன் அங்கே போனேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

உலக யுத்தம் முடிந்த பிறகு, பழைய இரும்பு வாங்குகிறவர்கள் ஒழுங்கை ஒழுங்கையாக வருகிறார்கள். ஐயா அவர்களில் ஒருவனை வரச் சொல்லியிருந்தார்.

"அதை எனக்குத் தாங்கோ ஐயா. திருத்தி ஓடப் போறன்" என்றேன்.

"பொம்பிளைப் பிள்ளை உதிலை ஏறி ஓடுறதோ?"

"அண்ணை தரவை வெளியிலை வைச்சு எனக்கு ஓடப் பழக்கினவர்."

அந்தச் சங்கதி ஐயாவுக்கு அன்றுதான் தெரியும். உங்களை நினைத்துச் சிரித்தாரோ என்னவோ, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். "வைகாசி விசாகம் வரைக்கும் பொறுப்பன். ஓடினால் உன்ரை. ஓடாட்டி இரும்புக்காரன் ஏத்தட்டும்" என்றார்.

பருத்தித்துறையில் மோட்டார் திருத்தும் கராச் வைத்திருக்கும் செல்லத்துரையரை அழைத்து வந்தேன். மனிதர் உதைமிதியில் முழுப் பாரத்தையும் கொடுத்து ஏறி நின்றார். அது கல்லாக நின்றது.

"பிஸ்டன் சிலிண்டரோடை கறள் பிடிச்சு ஒண்டாப் போச்சு, தங்கச்சி. அடிச்சால் உடையும். பிளக்கைக் கழட்டி உள்ளுக்கு எண்ணெய் விட்டு ஊறப் போடும். கியரிலை போட்டு, பின்சில்லை முன்னுக்கும் பின்னுக்கும் மெல்ல ஆட்டும். எனக்கெண்டால் நம்பிக்கை இல்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மண்ணெண்ணெயோடு, என் வேலைப் பெட்டியில் இருந்த ஆமணக்கெண்ணெயையும் கலந்து ஊற்றினேன். அந்தப் பின்னேரங்களை எப்படிச் சொல்வேன்? கிடுகு ஓட்டைகளால் வெயில் காசு காசாக விழும். வண்டின் இரைச்சல் ஒன்று எங்கிருந்தோ வந்து நின்று போகும். சிரட்டைத் தணலில் இரும்புத் துண்டைக் காய்ச்சி ஒவ்வொரு நட்டின்மேலும் வைத்து எடுப்பேன். தளர்த்த முன்னர் ஒரு நூல் இறுக்கிப் பார்க்க வேண்டும் என்பதைக் கைதான் கண்டுபிடித்தது. ஏழு வருடத்துக் கறள் செந்தூளாகி விரலில் ஒட்டும். சில நேரம், நீங்கள் மறுபக்கத்தில் குந்தியிருந்து அதே நட்டைப் பிடித்திருப்பதாகத் தோன்றும். நிமிர்ந்து பார்க்க மாட்டேன். பார்த்தால் போய்விடுவீர்கள் அல்லவா?

சேறுகாப்பு கழன்றது. ஆசனம் கழன்றது. போல்ட் ஒன்று உடைந்தது. பிஸ்டன் மட்டும் அசையவில்லை. மூன்றாவது கிழமை பொறுமை கெட்டு, மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்துவிட்டேன். சிலிண்டரின் இரும்புச் செதிள் ஒன்று தெறித்து விழுந்தது.

"அடியாதையும்."

திரும்பிப் பார்த்தால் மச்சாள். அந்தக் கொட்டிலின் வாசலுக்கு அவர் வந்தது அன்றுதான். உங்களுக்குப் பிறகும் அவர் எங்களோடுதான் இருக்கிறார். சமைப்பார், கிணற்றடிக்குப் போவார், ஐயாவுக்கு வெற்றிலை இடித்துக் கொடுப்பார். கொட்டில் பக்கம் மட்டும் தலை திருப்புவதில்லை.

"உந்தச் சைக்கிளை விடும். இரும்புக்காரன் கொண்டு போகட்டும்" என்றார்.

"உங்களுக்கு அது சம்மதமோ மச்சாள்?"

அவர் வாசல் கப்புமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவர் செத்ததை நான் காணேல்லை. ஒழுங்கை முகப்பிலை உதின்ரை சத்தம் கேட்டால், தேத்தண்ணிக்குக் கேத்திலை வைப்பன். அவர் படலையைத் திறக்கக் கொதிச்சிடும். இனி அந்தச் சத்தம் வந்தால், என்ரை கால் தன்ரை பாட்டிலை அடுப்படிக்குப் போகும். பிறகு படலையைத் திறந்து நீர் வருவீர். நான் என்ன செய்யிறது, சொல்லும்."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள், அண்ணை? நான் ஸ்பானரைக் கீழே வைத்தேன். கொட்டிலின் தட்டியைச் சாத்தினேன். விசாகத்துக்கு முன்னரே இரும்புக்காரன் வரலாம் என்று ஐயாவிடம் சொல்லிவிட்டேன். "விசாகம் எண்டால் விசாகம்தான்" என்றார் ஐயா.

பத்து நாள் போயிருக்கும். வல்வெட்டித்துறைப் பக்கம் ஒரு தலைப்பிள்ளைப் பிரசவத்துக்கு உதவியாகப் போய், இரண்டு நாள் தங்கி, ஒரு மத்தியானம் திரும்பி வந்தேன். அடுப்படியில் மச்சாள் இல்லை. கொட்டிலின் தட்டி திறந்திருந்தது. உள்ளே மண்ணில் கால் நீட்டி இருந்து, பின்சில்லை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடியபடி முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டிருந்தார். சேலைத் தலைப்பெல்லாம் எண்ணெய்.

"எத்தினை நாளாய் மச்சாள்?"

"நீர் விட்ட நாளிலையிருந்து. நீர் வேலைக்குப் போன பிறகு வந்து இருப்பன்." கையை எடுக்காமலே சொன்னார். "அந்தக் கடற்கரைப் பெண்டின்ரை கதையை ஐயா சொன்னவர். அவளும் ஒரு சத்தத்துக்குத்தானே காத்துக்கொண்டு கிடந்தாள். நீர் வாற சத்தத்துக்கு."

பிறகு, "பிடிச்சுப் பாரும். காலமையிலையிருந்து ஒரு நூல் அசையுது" என்றார்.

பக்கத்தில் இருந்து நானும் பிடித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு எங்கோ ஆழத்தில், ஈரமணலிலிருந்து காலை உருவுவது போன்ற ஒரு சத்தம். சில்லு அரை விரல் நகர்ந்தது. பிறகு ஒரு விரல். பிறகு எண்ணெயும் கறளும் கலந்த கறுப்புத் தண்ணீர் பிளக் துவாரத்தால் பொங்கி வழிந்தது. சில்லு முழுதாகச் சுற்றும்வரை இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை.

செல்லத்துரையர் வந்து பார்த்து, "ஆர் செய்தது?" என்று மூன்று தரம் கேட்டார். சிலிண்டரைக் கழற்றித் துப்புரவாக்கி, பிஸ்டனில் ஒட்டிப் போயிருந்த வளையங்களை மாற்றினார். டயர்களும் அவரே எங்கோ தேடிப் பிடித்தார். என் வேலைக்காகப் பெற்றோல் கூப்பனும் கிடைத்தது. விசாகத்துக்கு இரண்டு நாள் முன், முற்றத்தில் வைத்து உதைத்தோம். ஏழாவது உதையில் பிடித்தது.

உங்கள் சத்தம் அண்ணை. அதே சத்தம். ஐயா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டார். நான் அடுப்படியைப் பார்த்தேன். மச்சாள் தான் சொன்னபடியே கேத்திலை வைத்துவிட்டு, அடுப்பின் முன் குந்தியிருந்து அழுதுகொண்டிருந்தார். ஏழு வருடத்தில் அவர் வாய்விட்டு அழுதது அன்றுதான். நான் எஞ்சினை நிறுத்தப் போனேன். கையை உயர்த்தி, நிறுத்த வேண்டாம் என்று காட்டினார். தண்ணீர் கொதிக்கும்வரை அது முற்றத்தில் ஓடிக்கொண்டே நின்றது. பிறகு தேத்தண்ணியைக் கொண்டுவந்து என் கையில் தந்து, "குடிச்சிட்டுப் போம். எங்கையாவது ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பாள்" என்றார்.

சேலையைச் செருகிக்கொண்டு இப்போது நான் கடற்கரை வரை போய் வருகிறேன். முதலில் சனங்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள். இப்போது வழி விடுகிறார்கள். உப்புக் காற்றில், வெள்ளை மணலின் ஓரமாகப் போகும்போது, வண்டி ஓடுகிறதோ மிதக்கிறதோ என்று இருக்கும். நீங்களும் இப்படித்தான் உணர்ந்தீர்களோ?

ஒன்று மட்டும் உங்களுக்கு வாக்குத் தருகிறேன். நீங்கள் ஒருநாளும் ஒழுங்கை முகப்பில் ஹோண் அடித்ததில்லை. நான் அடிப்பேன். ஒவ்வொரு தரமும், ஒழுங்கைக்குள் திரும்ப முன்னரே, இரண்டு தரம். வருவது நான் என்று மச்சாளுக்குத் தெரியவேண்டும். எஞ்சினின் சத்தம் அவருக்கு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

உங்களுக்குப் பின் பிறந்து, நீங்கள் முன்னால் இருத்தி ஓடப் பழக்கிய தங்கச்சி,
மனோன்மணி