சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற தண்ணீர்

ஏப்ரல் 21

அக்கா இருக்கும் வலியதுறைக் கடற்கரை வீட்டை விட்டு அரசு ஃபிளாட்டுக்கு மாறச் சம்மதம் என்று அக்காவும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். ஜெபமலர் அக்கா போட்டுவிட்டாள். படிவம் ஒரு வாரமாக என் கைப்பையில் இருக்கிறது.

அப்பா கட்டிய வீடு. வாசலிலிருந்து அலை வரை ஓடினால் மூச்சு வாங்கும், அவ்வளவு மணல். அக்காவின் கல்யாணப் பந்தலை அதில்தான் போட்டார்கள். நூற்றைம்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டும் இடம் மிச்சம். அலை ஏறி வரும், மணலில் இறங்கித் திரும்பிப் போகும். இப்போது மணலே இல்லை. அலையைத் தடுக்கக் கருங்கல் சுவர்.

ஏப்ரல் 24

போனில் சண்டை. “அப்பா வீட்ட விட எப்பிடிக்கா மனசு வருது?”

“எடீ அஜிதா, ஊருக்குள்ள கரமனையில இருந்துகிட்டு கடலப் பத்திப் பேசாத, கேட்டியா?”

மே 3

லீவு. அக்காவின் மனதை மாற்றலாம் என்று காலையில் கிளம்பிப் போனேன். டீக்கடை அருமைநாயகம் அண்ணன், “கடலு மாசம் ஒருக்கா வருது. டீச்சர்தான் வருஷத்துக்கு ஒருக்கா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அக்கா கட்டில் காலுக்குச் செங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். கள்ளக்கடல் எச்சரிக்கையாம்.

“காத்தும் இல்ல, மழையும் இல்ல. எங்கேருந்துக்கா வரும்?”

“காத்து அடிச்சா நமக்கே தெரியும். இது கள்ளன் மாதிரி. சொல்லாம வரும்.”

மே 4

நேற்று மூன்றரை மணிக்கு வந்தது.

முதல் அலை சுவரில் மோதி, வீட்டு உயரம் எழுந்து, இந்தப் பக்கம் விழுந்தது. திரும்பிப் போய்விடும் என்று நினைத்தேன். எப்படிப் போகும்? சுவர்தான் குறுக்கே நிற்கிறதே. அடுத்த அலை அதன் மேல். அதற்கடுத்தது அதன் மேல். முழங்கால் வரை தண்ணீர்.

தெற்கே எங்கேயோ, பல நாட்களுக்கு முன் அடித்த காற்று. அது கிளப்பிய அலைதான் இவ்வளவு தூரம் உருண்டு வந்திருக்கிறது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு போர்டில் எத்தனை தடவை வரைந்திருக்கிறேன் — நானா ‘எங்கேருந்து வரும்’ என்று கேட்டேன்?

அக்கா கத்தவில்லை. மெயினை அணைத்தாள், சிலிண்டரை மூடினாள், மாத்திரை டப்பாவை அலமாரி மேல் தட்டில் வைத்தாள். கைக்குப் பழகிப்போன வேலை.

“எத்தன தடவக்கா?”

“இந்த வருஷம் நாலாவது.”

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ வந்தா மணலப் பத்தித்தான் பேசுவ. சந்தோசமாப் பேசுவ. அதக் கெடுப்பானேன்னு இருந்தேன்.”

மே 5

கையெழுத்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 17

அக்காவின் ஃபிளாட். மூன்றாவது மாடி. போனபோது கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே அக்கா பாய் விரித்து, வாய் லேசாகத் திறந்து, நல்ல தூக்கம். பட்டப்பகலில். டிவியில் இன்று கடல் ஏறும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுப்பவில்லை.