பலகையில் விட்டுப்போன பெயர்

காளிகாட், கொல்கத்தா

சௌ. மாதங்கிக்கு,

அப்பாவின் ஆசிகள். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம், கனடாக் குளிரில் நீயும் மாப்பிள்ளை ராகவும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் இதைச் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நீ பிறந்த சமயம் நாம் குடியிருந்த, நீ சித்தி முறை வைத்து மாஷி என்று கூப்பிட்ட வீட்டுக்காரம்மா பிரதிமா மாஷியின் வீடு இப்போது பக்கவாதம் வந்தவர்களுக்கு நடையும் பேச்சும் பழக்கும் மையமாகிவிட்டது, யார் வேண்டுமானாலும் போகலாம். மாஷியின் அப்பா வக்கீல், அவர் கட்டித் தொண்ணூறு வருஷமாகிறது. அவருக்குப் பிறகு மாஷி டீச்சர் வேலை பார்த்துக்கொண்டு ஒண்டியாகவே அதைக் காப்பாற்றினார். இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட புரமோட்டர்கள் நடையாய் நடந்தார்கள், மாஷி அசையவில்லை. போன வருஷம் கண்ணை மூடுவதற்கு முன்னால் வீட்டைத் தெருக் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஸ்ட்ரோக் வந்ததிலிருந்து அம்மா பேச்சு குழறுகிறதென்று வெட்கப்பட்டு வாயே திறப்பதில்லை, உனக்குத் தெரியும். நாலு பேர் எதிரில் நான் தத்தித் தத்தி நடக்கணுமா என்று பயிற்சிக்கும் மறுத்துவிட்டாள். பழைய வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று சொல்லித்தான் திறப்பு விழாவுக்குக் கூட்டிப் போனேன். வாசலில் பளிங்குப் பலகை, வீட்டின் சரித்திரம் வங்காளியில். கமிட்டித் தலைவர் உரக்கப் படித்தார். வக்கீலின் பெயர், பட்டம், வந்துபோன பெரிய மனிதர்கள் எல்லாம் இருந்தது, மாஷி பெயர் இல்லை. எல்லோரும் கை தட்டினார்கள். தட்டி ஓய்ந்ததும் அம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குழறலோடு வங்காளியிலேயே, "கட்டினது அப்பா, சரி. இடிக்க விடாம வெச்சிருந்தது யாரு? அவங்க பேரு எங்கே?" என்று கேட்டாள். புரியலையே பௌதி என்று, அண்ணி முறை வைத்து, தலைவர் குனிந்தார். அம்மா விடவில்லை, ஒவ்வொரு சொல்லாக மறுபடி சொன்னாள். பின்வரிசையில் மாஷியிடம் படித்த பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றுவிட்டார்கள். தலைவர் தப்பை ஒப்புக்கொண்டு, புதுப் பலகைக்கு நீங்களே சொல்லுங்க பௌதி, எழுதிக்கறேன் என்றார்.

அதிலிருந்து வாரம் மூன்று நாள் அங்கே போகிறாள். பயிற்சி என்று நான் சொன்னால் கோபம் வருகிறது, பலகை வேலையாம். முந்தாநாள் வாசலிலிருந்து மாடிப்படி வரை என் கையை உதறிவிட்டு நடந்தாள்.

மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள், ராகவையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அம்மாவிடம் மாஷியைப் பற்றிக் கேள். நடுவில் வார்த்தைக்குத் தடுமாறினால் நீ எடுத்துக் கொடுக்காதே, எவ்வளவு நேரமானாலும் காத்திரு.

தீர்க்காயுசாக இருங்கள்.

உன் அப்பா,
சேஷாத்ரி