நான்கடி நிழலும் கீழூர் மடையும்

நிலமும் நீரும் நிறைக. தென்முகை நாடாளும் அரசி செங்கயல்தேவியாரின் ஆணைப்படி, அறத்துறை அமைச்சர் எயில்கோவனார், தலைநகர் அறநூற்சாலைத் தலைவர் மாசேந்தனார்க்கு விடுக்கும் ஓலை. சாலையும் மாணாக்கரும் நலமே வாழ்க.

எல்லைப்புறத்து நீதிபதி நன்னாகனார்க்கு ஒரு சிறு வழக்கு விளங்கவில்லை. ஏரிநீர், காலையில் ஆள்நிழல் நான்கடியாகக் குறுகும்வரை மேலூருக்கு, அதன்பின் கீழூருக்கு என்பது பழஞ்சட்டம். மார்கழியில் கீழூர் வேட்டன், முறை வருமுன் மடையைத் திறந்தான் என்று சிறைப்பட்டான். தண்டனை, நாடு கடத்தல். உச்சி கடந்தும் தன் முறை வரவேயில்லை என்றான் அவன். நிழல் நான்கடிக்கு வரவேயில்லை என்றனர் மேலூரார். இரண்டும் மெய் என்றால் குற்றம் எங்கே?

வழக்குடையார் கையில் நீதிபதி தண்ணீரும் வாங்கலாகாது. இரண்டு ஊருமே வழக்கில் நின்றதால், நன்னாகனார் தாமே சமைத்துத் தாமே உண்டார். வாசல் வழியே போனவர்களும் நின்று பேசவில்லை. மன்றத்து முற்றத்தில் அவருக்குத் துணை அவர் நிழல்தான். ஒருநாள் அதை அடிவைத்து அளந்தார். உச்சியில் ஐந்தடி, பிறகு நீளத் தொடங்கிவிட்டது. மறுநாளும் அப்படியே. சட்டமன்றி வேறொன்றும் கல்லாதவர் ஆதலால் காரணம் புலப்படாமல் உம் சாலைக்கு எழுதினார். நீர் மறுமொழியாக அனுப்பியது அதே சட்டவாசகம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போகவும் மனமின்றி, அவர் சிறைவாசலில் நெடுநேரம் நின்றாராம்.

உம் சாலைக்கும், கதிரும் கோளும் கணிக்கும் கணியர் கூடத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மதில். நன்னாகனார் முறையீடு எம்மிடம் வந்தபின், யாமே அதைச் சுற்றிச் சென்று கேட்டோம். மார்கழியில் கதிரவன் தெற்கே சாய்ந்து செல்வதால் உச்சியிலும் தலைக்கு நேரே வருவதில்லை, ஆகவே நிழல் நான்கடியாகக் குறுகாது என்றனர் கணியர். சட்டம் எழுதப்பட்டது சித்திரையில். மார்கழியில் வழக்கமாக மழை நீரே போதும் என்பதால் இக்குறை எவர் கண்ணிலும் படவில்லை. இவ்வாண்டு மழை இல்லை.

ஆகவே அம்மதிலில் வாயில் திறக்கப்படுக. சட்டம் பயில வரும் மாணாக்கர் முதலாண்டு முதலே கணியமும் உழவும் கணக்கும் சேர்த்தே பயில்க. சட்டம் நடப்பது வெயிலிலும் வயலிலும் ஆதலால் அவற்றை அறியாதார்க்குச் சட்டமும் பாதியே தெரியும். இனி எல்லைக்கு எந்த நீதிபதியும் தனியே அனுப்பப்படலாகாது. கணியர் ஒருவர் உடன் செல்க. வேட்டன் இவ்வாணை எல்லை சேரும் அன்றே வீடு திரும்புக.

இது அரசியார் கயல் இலச்சினை இட்ட ஆணை. இதன் படி நன்னாகனார்க்கும் செல்கிறது. அவர் மன்றத்தில் படிக்க வேண்டிய தீர்ப்பு இது: கதிரவன் எழுந்தது முதல் பத்து நாழிகை நீர் மேலூருக்கு, மீதிப் பகல் கீழூருக்கு, எல்லா மாதமும் நீரால் நேரம் காட்டும் நாழிகை வட்டிலால் அளக்க, நிழலால் அன்று.